13 ஆட்டம், 13 வெற்றி, ஆனாலும் இடமில்லை: 2023 புளோரிடா ஸ்டேட்

ஆட்டப்பித்தன்:
2023 கல்லூரி அமெரிக்கக் கால்பந்து சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால் மிச்சிகன் கோப்பை வென்ற கதைதான் முதலில் வருகிறது. எனக்கு அந்த சீசன் என்றால் புளோரிடா ஸ்டேட்தான். ஆடிய 13 ஆட்டங்களிலும் வெற்றி, ஏசிசி கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகள் சேர்ந்த லீக்) பட்டம். அப்படியிருந்தும் கோப்பைக்காக அப்போது நான்கு அணிகள் ஆடிய பிளேஆஃபில் அவர்களைச் சேர்க்கவில்லை. மிச்சிகன், வாஷிங்டன் இரண்டும் தோல்வி காணாத அணிகள். அவற்றின் மேல் எனக்கு வழக்கில்லை. ஆனால் தலா ஒரு தோல்வியோடு வந்த டெக்சாஸும் அலபாமாவும் உள்ளே போயின. 2014இல் பிளேஆஃப் தொடங்கியதிலிருந்து, ஐந்து பெரிய கான்ஃபரன்ஸ்களில் ஒன்றைத் தோல்வியே இல்லாமல் வென்ற எந்த அணியையும் இப்படி ஒதுக்கியதில்லை. இது பச்சை அநியாயம்.

நேர்க்கோடு:
அநியாயம் என்ற சொல்லை நான் ஏற்கமாட்டேன். நவம்பர் 18 அன்று வடக்கு அலபாமாவுக்கு (அலபாமா இல்லை, வேறு அணி) எதிரான ஆட்டத்தில் புளோரிடா ஸ்டேட்டின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்திப் பந்தை வீசுபவர்) ஜோர்டன் டிராவிஸ் கால் முறிந்து வெளியேறினார். புளோரிடா ஸ்டேட்டின் தாக்குதல் முழுக்க அவரைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது. அடுத்து வந்த டேட் ரோட்மேக்கர், புளோரிடாவுக்கு எதிரான ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறுதி ஆட்டத்துக்கு இல்லாமல் போனார். லூயிவிலுக்கு எதிரான ஏசிசி இறுதியில் முதலாண்டு மாணவர் பிராக் க்ளென் ஆடினார். 21 முறை பந்தை வீசி எட்டுதான் கைசேர்ந்தது, மொத்தம் 55 யார்டு. முக்கிய வீரர் இல்லாதது ஓர் அணியின் வரும் ஆட்டங்களைப் பாதிக்குமா என்று பார்க்க, பிளேஆஃப் அணிகளைப் பொறுக்கும் தேர்வுக் குழுவின் விதியே இடம் தருகிறது. தங்களுக்குச் சொல்லப்பட்டதைத்தான் குழுவின் 13 பேரும் செய்தார்கள்.

ஆட்டப்பித்தன்:
விதி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். அதை எப்போது எடுத்தார்கள் என்று பாருங்கள். நவம்பர் 28 அன்று குழு வெளியிட்ட தரவரிசைப் பட்டியலில் புளோரிடா ஸ்டேட் நான்காவது இடத்தில் இருந்தது. டிராவிஸின் கால் அப்போதே முறிந்துதான் இருந்தது. பத்து நாள் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு நடந்தது ஒன்றே ஒன்று: லூயிவிலை 16-6 என்று வென்று பட்டம் வாங்கினார்கள். வென்ற அணியை ஐந்துக்கு இறக்கி, எட்டாம் இடத்தில் இருந்த அலபாமாவை நான்குக்கு ஏற்றினார்கள். காயம்தான் காரணம் என்றால் ஒரு வாரம் முன்பே இறக்கியிருக்க வேண்டாமா?

கயல்விழி:
அந்த லூயிவில் ஆட்டத்தை முழுதாகப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன். எல்லோரும் 55 யார்டைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள். எதிரணிக்கு அன்று மொத்தம் எவ்வளவு கிடைத்தது தெரியுமா? 188 யார்டு. லூயிவிலை ஒரு டச்டவுன்கூட அடிக்க விடவில்லை. ஜாரெட் வெர்ஸும் பிரேடன் ஃபிஸ்கும் அன்று எதிரணிக் குவார்ட்டர்பேக்கை மூச்சுவிட விடவில்லை. தாக்குதல் முடங்கிப்போன நாளிலும் தடுப்பாட்டம் ஒன்றை வைத்தே பட்டம் வென்ற அணியை எப்படி பலவீனமான அணி என்கிறீர்கள்?

இன்னொன்று. 2014இல் ஒஹாயோ ஸ்டேட்டுக்கு என்ன நடந்தது? முதல் இரண்டு குவார்ட்டர்பேக்குகளும் காயத்தில் வெளியே. மூன்றாமவர் கார்டேல் ஜோன்ஸை நம்பி அதே தேர்வுக் குழு நான்காவது இடம் தந்தது. அவர்கள் அலபாமாவை 42-35, ஓரிகனை 42-20 என்று வென்று கோப்பையையே தூக்கினார்கள். வாய்ப்பு கொடுத்ததால்தானே அது நமக்குத் தெரிந்தது?

நேர்க்கோடு:
நல்ல உதாரணம். ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது. கார்டேல் ஜோன்ஸ் தொடக்கத்திலிருந்தே களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கிக் காட்டினார். குழு அதைப் பார்த்துத்தான் இடம் தந்தது. இங்கே க்ளென் காட்டியது 55 யார்டு.

அலபாமா யாரை வென்றது என்பதையும் மறக்கக்கூடாது. தொடர்ந்து 29 ஆட்டங்களாகத் தோற்காமல் முதலிடத்தில் இருந்த ஜார்ஜியாவை எஸ்இசி கான்ஃபரன்ஸ் இறுதியில் 27-24 என்று வீழ்த்தியது. அந்த அலபாமாவை அதன் சொந்த மண்ணில் 34-24 என்று தோற்கடித்தது டெக்சாஸ். அலபாமாவைச் சேர்த்தால் டெக்சாஸை விட முடியாது. எஸ்இசி பட்டம் வென்றவரை விடவும் முடியாது. மிஞ்சியது யார்?

ஆட்டப்பித்தன்:
மிஞ்சியது தோற்காத அணி! அதைத்தானே நான் சொல்கிறேன். புளோரிடா ஸ்டேட்டும் சும்மா ஆட்களை வெல்லவில்லை. ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹெய்ஸ்மன் விருது வாங்கிய ஜேடன் டேனியல்ஸ் ஆடிய எல்எஸ்யூ அணியை முதல் ஆட்டத்திலேயே 45-24 என்று அடித்தார்கள். கிளெம்சனை அவர்கள் மைதானத்திலேயே கூடுதல் நேரத்தில் வென்றார்கள்.

அலபாமாவோ ஜார்ஜியா ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு ஆபர்னிடம் தோற்கும் விளிம்பில் நின்றது. கடைசி முயற்சி, டச்டவுனுக்கு 31 யார்டு, ஒரு நிமிடம்கூட இல்லை. ஜேலன் மில்ரோ வீசிய பந்தை எண்ட் ஸோனின் இடது மூலையில் ஐசாயா பாண்ட் பிடித்தார். அப்போது மீதி 32 விநாடி. அந்தப் பிடி நழுவியிருந்தால் இரண்டு தோல்வி, இந்த விவாதமே இருந்திருக்காது. அப்படித் தப்பியதை ‘போராட்டக் குணம்’ என்று கொண்டாடிவிட்டு, மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடு பத்துப் புள்ளி வித்தியாசத்தில் வென்றதைப் ‘பலவீனம்’ என்பது எந்த ஊர் நியாயம்?

அடிவானம்:
இவ்வளவு பேசுகிறீர்கள், பிளேஆஃப் கிடைக்காத புளோரிடா ஸ்டேட் சீசன் முடிவில் ஆடிய ஆரஞ்சு பவுல் ஆட்டத்தை ஒருவரும் தொடவில்லையே. அதே ஜார்ஜியாவிடம் 63-3 என்று தோற்றார்கள். பவுல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே அவ்வளவு பெரிய வித்தியாசம் இல்லை. குழு கணித்தது சரிதான் என்று மைதானமே சொல்லிவிட்டது.

கயல்விழி:
அந்த ஆட்டத்தைச் சான்றாக வைக்காதீர்கள், தயவுசெய்து. இருபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் அன்று ஆடவில்லை. வெர்ஸ் இல்லை, கியான் கோல்மன் இல்லை. ரோட்மேக்கர் வேறு கல்லூரி தேடிப் போய்விட்டார். பிளேஆஃப் கிடைத்திருந்தால் அவர்களில் பெரும்பாலோர் அங்கே நின்றிருப்பார்கள். கோப்பைக்கு வழியே இல்லாத ஆட்டத்தில் அடிபட்டு, தொழில்முறை வாய்ப்பை ஏன் இழக்க வேண்டும் என்று இருபத்தொரு வயதுப் பையன் நினைப்பதை நான் குறை சொல்லமாட்டேன். கதவைச் சாத்தியவர்களே, உள்ளே வரவில்லையே என்று கேட்பதுபோல் இருக்கிறது.

நேர்க்கோடு:
ஆரஞ்சு பவுல் விஷயத்தில் கயல்விழி சொல்வதுதான் சரி; அது வேறு அணி. நான் அதை வைத்து வாதிடவில்லை. பிளேஆஃபில் மிச்சிகனோடு கூடுதல் நேரம் வரை மோதி 27-20 என்று தோற்ற அலபாமாவை வைத்து வாதிடுகிறேன். கோப்பை வென்றவர்களை அந்த அளவுக்கு நெருக்கிய அணி தகுதியில்லாத அணி இல்லை. பையன்களுக்காக எனக்கும் வருத்தம்தான். ‘என் கால் சீசனின் தொடக்கத்திலேயே முறிந்திருக்கக்கூடாதா, இந்த அணி ஒரு குவார்ட்டர்பேக்கை நம்பி மட்டும் இல்லை என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமே’ என்ற பொருளில் டிராவிஸ் எழுதியதைப் படித்தபோது மனம் கனத்தது. ஆனால் குழுவின் வேலை சிறந்த நான்கு அணிகளைப் பொறுக்குவது.

ஆட்டப்பித்தன்:
‘சிறந்த’ அணி எது என்று அறைக்குள் உட்கார்ந்து ஊகிப்பதற்குப் பெயர் விளையாட்டு இல்லை. நீங்கள் சொல்லும் அளவுகோல் சரியானது என்றால் அடுத்த ஆண்டே அதை ஏன் மாற்றினார்கள்? 2024இல் 12 அணிகளாக விரிந்தபோது, தரவரிசையில் முன்னால் இருக்கும் ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு நேரடி இடம் உண்டு என்று எழுதிவைத்தார்கள். யாருக்குக் காயம் என்று பார்த்து அந்த இடத்தைப் பறிக்க முடியாது. அந்த விதி ஓராண்டு முன்னால் இருந்திருந்தால், 16-6 என்று வென்ற இரவே புளோரிடா ஸ்டேட்டுக்கு இடம் உறுதியாகியிருக்கும்.

நேர்க்கோடு:
12 இடம் இருக்கும்போது தாராளமாக இருக்கலாம். நான்கே இடம் இருந்தபோது ஒருவரை நிறுத்தித்தான் ஆகவேண்டும். அலபாமாவை வெளியே நிறுத்தியிருந்தால் இதே விவாதத்தை ஜார்ஜியாவை வென்றவர்களுக்காக யாராவது தொடங்கியிருப்பார்கள்.

ஆட்டப்பித்தன்:
தொடங்கட்டும். அவர்களிடம் டெக்சாஸ் ஆட்டத்தின் ஸ்கோரைக் காட்டியிருக்கலாம். புளோரிடா ஸ்டேட் பையன்களிடம் காட்டுவதற்கு ஒரு தோல்வியும் இல்லை.