மறு: எஃகில் துளை போடும் 'பிட்'டுக்கு என்ன பெயர்?

நண்பர்களுக்கு வணக்கம்.

எஃகில் துளை போடும் டிரில் பிட்டுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் கலைச்சொல் பட்டியலில், 'நீடுழைப்புத் துளைமுனை' என்ற பரிந்துரையைப் படித்தேன். காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்பேன். நெடுநாள் உழைப்பது ஒரு பிட்டின் வகை அல்ல. அதை எதில், எந்த வேகத்தில் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. மரத்தில் வருடக்கணக்காக ஓடிய பிட், எவர்சில்வர் தகட்டில் முதல் துளையிலேயே மழுங்கிப் போகலாம். பாரிமுனைக் கடையில் நின்று விலை கேட்பவருக்கும், அம்பத்தூர்ப் பட்டறையில் தொழில் பழகும் பிள்ளைக்கும் உதவ வேண்டுமானால், பிட் எதனால் ஆனது என்பதைப் பெயரே சொல்ல வேண்டும்.

முதலில் அடிச்சொல். பிட்டுக்குத் தண்டு உண்டு, சுருள் பள்ளம் உண்டு, நுனியில் வெட்டுவாய் உண்டு. முழுவதையும் 'துளைமுனை' என்றால், நுனிக்கோணத்தைப் பற்றி எழுதும்போது 'துளைமுனையின் முனை' என்று எழுத நேரும். 'துரப்பணம்' தச்சர்களின் அருமையான சொல், ஆனால் அது துளையிடும் கருவி முழுவதற்கும் உரியது. என் ஓட்டு 'துளையலகு'க்கு. அளவீட்டு அலகோடு குழம்பும் என்று ஒருவர் கவலைப்பட்டிருந்தார். பறவைக்கும் அலகு இருக்கிறது, கத்திக்கும் இருக்கிறது, யாரும் குழம்புவதில்லை. பேச்சில் 'பிட்' இருந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து எச்.எஸ்.எஸ்., அதாவது பிட் செய்யப் பயன்படும் 'ஹை ஸ்பீடு ஸ்டீல்'. இதை 'அதிவேக எஃகு' என்று எழுதி வருகிறோம். படிப்பவர் இதை வேகமாக ஓட்ட வேண்டிய பிட் என்று எடுத்துக்கொள்வார், அப்படி ஓட்டினால் நுனி கருகும். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் அமெரிக்கர்களான டெய்லரும் வைட்டும் இந்த வகை எஃகைக் காட்டியபோது பார்த்தவர்கள் வியந்ததற்குக் காரணம், நுனி சிவக்கச் சூடேறியும் உளி வெட்டிக்கொண்டே இருந்ததுதான். சாதாரணக் கரி எஃகு 250 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தளரத் தொடங்கிவிடும். டங்ஸ்டன், மாலிப்டினம், குரோமியம், வனேடியம் சேர்ந்த இது 600 டிகிரி அளவிலும் கடினத்தை விடாது. வேகம் அதன் பலன் மட்டுமே. 'சூடுதாங்கி எஃகு' என்றால் கொதிகலனுக்குப் போகும் எஃகோடு கலந்துவிடும். எனவே 'சூட்டுக்கூர் எஃகு' என்று வைக்கலாமா? சூட்டிலும் கூர் நிற்பது என்ற பொருள் அதில் வந்துவிடுகிறது.

இனி எனக்கு மிக முக்கியமாகப் படுவது. பட்டியலில் 'கோபால்ட் துளையலகு', 'டைட்டானியம் துளையலகு' என்று இரண்டையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். இது கூடவே கூடாது. கோபால்ட் எஃகின் உடம்பெல்லாம் கலந்திருக்கிறது: எம்35 என்ற எஃகு வகையில் சுமார் 5 சதவீதம், எம்42-இல் 8. மழுங்கினால் சாணை பிடிக்கலாம், உள்ளேயும் அதே உலோகம்தான். பொன்னிறமாக மின்னும் மற்றதில் இருப்பது, சாதாரண எச்.எஸ்.எஸ். மேல் சில மைக்ரான் கனத்தில் ஏற்றிய டைட்டானியம் நைட்ரைடு. புதிதாக இருக்கும்வரை உரசலைக் குறைத்து நன்றாகவே உழைக்கும். ஒருமுறை சாணை பிடித்தால் நுனியில் பூச்சு போய்விடும். ஆகவே 'கோபால்ட் கலப்புத் துளையலகு', 'டைட்டானியப் பூச்சுத் துளையலகு' என்றே எழுத வேண்டும். கலப்பு, பூச்சு என்ற இரண்டு எளிய சொற்கள் வாங்குபவரின் காசைக் காப்பாற்றும். நிறத்தை நம்பியும் பயனில்லை, சாதாரண பிட்டுக்கும் அந்தச் செம்பொன் சாயலை ஏற்றிவிட முடியும். தண்டில் எம்35, எம்42 என்று பொறித்த எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை விளக்கத்திலேயே சேர்த்துவிடலாம்.

எஃகுக்குப் பதில் டங்ஸ்டன் கார்பைடால் ஆன பிட்டுக்குக் 'கார்பைடு' என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். மிகக் கடினம், ஆனால் நொறுங்கும். கை டிரில்லில் சற்றுச் சாய்ந்தாலே ஒடிந்துவிடும் என்று ஒரு வரி போதும்.

விளக்கத்தில் வேகமும் வர வேண்டும். 10 மி.மீ. எச்.எஸ்.எஸ். பிட்டை மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகத்தில் (பிட்டின் வெளிவிளிம்பு நகரும் வேகம்) ஓட்டினால் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று. எவர்சில்வரில் 10 மீட்டர் வைத்தால் 320 சுற்றுதான். அதோடு எண்ணெய் விட்டு, விடாமல் அழுத்த வேண்டும். வெட்டாமல் உரசிக்கொண்டே நின்றால் எவர்சில்வர் அந்த இடத்தில் இறுகிவிடும், அப்புறம் பிட் எளிதில் ஏறாது.

சரி, ஒன்று பாக்கி. நுனிக்கோணம் 135 டிகிரி உள்ள 'ஸ்பிளிட் பாயிண்ட்' வகை நுனிக்குப் பட்டியலில் 'பிளவுநுனி' என்று போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் காதில் அது உடைந்த பிட் என்றே விழும். நுனியின் நட்டநடுவில் இருக்கும் மொண்ணை விளிம்பைச் செதுக்கியிருப்பதால் தொடங்கும்போது இடம் விட்டு ஓடாது என்பதுதான் அதன் சிறப்பு. 'நகராநுனி' என்று நினைத்தேன், இன்னும் மனம் ஒப்பவில்லை. கிண்டி, அம்பத்தூர்ப் பட்டறைகளில் இதற்கு வேறு பேச்சு வழக்கு இருந்தால், கேட்டவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.