இந்தியத் தொலைக்காட்சி காலவரிசைப் பலகை: எந்தத் தேதியை "முதல்" என்று போடுவது?

நூலகத்திண்ணை கேட்டது:

வணக்கம். எங்கள் கிளை நூலகத்தில் இந்தியத் தொலைக்காட்சி வரலாறு பற்றி ஒரு சிறு கண்காட்சி ஏற்பாடு செய்கிறோம். 15 அடி நீளம், 3 அடி உயரத்தில் ஃபிளெக்ஸ் அடித்து, 1950 முதல் இன்று வரை முக்கியமான தேதிகளை வரிசையாகப் போடுவதாகத் திட்டம். திரட்டிய தகவல்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன.

தொடக்கம் என்று சில இடங்களில் 1959 இருக்கிறது, சில இடங்களில் 1965. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டி "இன்சாட் 1ஏ செயற்கைக்கோள் வழியாக வண்ணத்தில் ஒளிபரப்பானது" என்று ஒரு குறிப்பு கிடைத்தது, சரியா? மகாபாரதம் தொடர் முடிந்த நாள் ஒரு பட்டியலில் 1990 ஜூன் 24, இன்னொன்றில் ஜூலை 15. முதல் சீரியல் "ஹம் லோக்" என்று எழுதலாமா?

பலகைக்குப் பக்கத்தில் பழைய கறுப்பு வெள்ளை டிவி ஒன்றும் மாடி ஏரியல் ஒன்றும் வைக்கப் போகிறோம். அதைப் பற்றியும் யோசனை சொன்னால் உதவியாக இருக்கும். அச்சுக்குக் கொடுக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

கோபுர உச்சி:

தேதிகள் மோதுவதாகத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொன்றும் வெவ்வேறு தொடக்கத்தைக் குறிக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் கீழே என்ன தொடங்கியது, எந்த ஊருக்கு, எந்த வழியில் என்று மூன்று சின்ன விவரம் போட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

1959 செப்டம்பர் 15 டெல்லியில் சோதனை ஒளிபரப்பு. சிறிய டிரான்ஸ்மிட்டர், தற்காலிக ஸ்டுடியோ, நடத்தியது அகில இந்திய வானொலி. தினசரி ஒளிபரப்பு 1965ல்தான் வந்தது. எனவே 1959க்கு "சோதனை", 1965க்கு "தினசரி" என்று இரண்டையுமே போடுங்கள். "1959ல் தூர்தர்ஷன் தொடங்கியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்து தனி அமைப்பானது 1976 ஏப்ரல் 1. விளம்பரம் வரத் தொடங்கியதும் அதே ஆண்டு, ஜனவரி 1.

1950லிருந்து தொடங்குவது நல்ல முடிவு. அந்த ஆண்டு சென்னை தேனாம்பேட்டையில் நடந்த பொருட்காட்சியில் பி. சிவக்குமாரன் என்ற மின்பொறியியல் மாணவர் ஒரு கடிதத்தை ஸ்கேன் செய்து, அதன் உருவத்தைக் கேத்தோடு கதிர்க் குழாயின் திரையில் வரவழைத்துக் காட்டினார். ஒளிபரப்பு என்று சொல்ல முடியாது, "செயல்விளக்கம்" என்று குறிப்பிடுங்கள். தமிழ்நாட்டு நூலகத்தில் வைக்கும் பலகையில் அது விடுபடக்கூடாது.

டெல்லிக்கு அடுத்த நிலையம் பம்பாய், 1972 அக்டோபர் 2. அதற்குப் பிறகு ஸ்ரீநகரும் அமிர்தசரசும் 1973ல். கல்கத்தாவும் சென்னையும் 1975 ஆகஸ்டில், சென்னை 15ஆம் தேதி. அதே மாதம் 1ஆம் தேதி தொடங்கிய இன்னொன்று இருக்கிறது: 'சைட்' என்ற செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. இவை இரண்டையும் கலந்து "1975ல் சென்னைக்குச் செயற்கைக்கோள் டிவி வந்தது" என்று எழுதிவிடுகிறார்கள். சென்னைக்கு வந்தது கோபுரத்திலிருந்து நேரடியாகப் பரவும் ஒளிபரப்பு. சைட் போனது ராஜஸ்தான், பீகார், ஒரிசா, மத்தியப் பிரதேசம், ஆந்திரம், கர்நாடகம் ஆகிய ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு. தமிழ்நாடு அதில் கிடையாது. நாசாவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளிலிருந்து 860 மெகாஹெர்ட்ஸில் இறங்கிய சிக்னலை, கம்பி வலையால் செய்த 3 மீட்டர் டிஷ் பிடிக்கும். படமும் எஃப்எம் முறையில் வந்ததால் சாதாரண டிவிக்கு அது புரியாது. நடுவில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். 1976 ஜூலை 31ல் சோதனை முடிந்தது, செயற்கைக்கோளை அமெரிக்கா திரும்ப நகர்த்திக்கொண்டது. எனவே அதற்குத் தொடக்கம், முடிவு என்று இரண்டு தேதியும் அவசியம்.

இப்போது 1982. உங்கள் குறிப்பு தவறு. இன்சாட் 1ஏ ஏவப்பட்டது 1982 ஏப்ரல் 10. விண்ணில் போனதிலிருந்தே சிக்கல்தான்: சூரிய ஒளியின் அழுத்தத்தைச் சமன்செய்யும் சூரியப் பாய் விரியவில்லை, கடைசியில் திசையைப் பிடித்து வைக்கும் எரிபொருளும் தீர்ந்துபோய் செப்டம்பர் 6ஆம் தேதி கைவிட்டார்கள். ஆசிய விளையாட்டு தொடங்கியது நவம்பர் 19. செயலிழந்து இரண்டு மாதத்துக்கு மேலான செயற்கைக்கோள் எப்படி ஒளிபரப்பும்? வெளிநாட்டுச் செயற்கைக்கோளில் வாடகைக்கு எடுத்த இணைப்பையும் தரைவழி மைக்ரோவேவ் இணைப்பையும் வைத்துத்தான் சமாளித்தார்கள். சில பட்டியல்களில் அது கைவிடப்பட்டது 1983 செப்டம்பர் என்று இருக்கும், அதை நம்ப வேண்டாம். 1983 ஆகஸ்டு கடைசியில் சேலஞ்சர் விண்ணோடத்தில் போனது அதற்கு மாற்றான இன்சாட் 1பி. நாடு முழுக்க நம்பகமான இணைப்பு கிடைத்தது அதனால்தான்.

வண்ணத்துக்குச் சரியான தேதி 1982 ஆகஸ்ட் 15. செங்கோட்டை சுதந்திர தின நிகழ்ச்சி வண்ணத்தில் வந்தது, டெல்லியிலிருந்து நாடு முழுக்கப் போன தேசிய நிகழ்ச்சி தொடங்கியதும் அன்றுதான். வண்ணத்தைப் பிரபலமாக்கியது ஆசிய விளையாட்டு, அவ்வளவே. வண்ணம் வந்ததும் பழைய டிவிகள் வீணாகிவிடவும் இல்லை. 'பால்' (PAL) என்ற வண்ண ஒளிபரப்பு முறையில் ஒளி அளவு தனியாகப் போகும், நிறத் தகவல் 4.43 மெகாஹெர்ட்ஸ் துணை அலையில் ஏறிப் போகும். கறுப்பு வெள்ளைப் பெட்டி துணை அலையைக் கண்டுகொள்ளாது. இதை ஒரு வரியில் பலகையில் போட்டால் பிள்ளைகள் நின்று படிப்பார்கள்.

ஞாயிறு காலை:

தொடர்களுக்கு வருகிறேன். தேதியில் சந்தேகம் வந்தால் கிழமையையும் வாரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான பிழைகள் அதிலேயே பிடிபட்டுவிடும்.

ராமாயணம்: 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை. இரண்டும் ஞாயிறு. இடையில் மொத்தம் 80 ஞாயிறு வருகிறது, பகுதிகள் 78. இரண்டு வாரம் தவறியது என்றால் கணக்கு உட்காருகிறது. முதலில் 52 பகுதிக்குத்தான் அனுமதி, பிறகு நீட்டித்தார்கள். லவகுசர் கதை தனித் தொடராக வந்தது, அதை இந்த 78ல் சேர்க்காதீர்கள். 2020 மார்ச் 28ல் ஊரடங்கின்போது வந்தது மறு ஒளிபரப்பு. அதைப் போடுவதானால் வேறு நிறத்தில் போடுங்கள்.

மகாபாரதம்: 1988 அக்டோபர் 2, அதுவும் ஞாயிறு. பகுதிகள் 94. ஜூன் 24 வரை எண்ணினால் 91 ஞாயிறுதான் வரும், 94 பகுதிக்கு இடமே இல்லை. ஜூலை 15 வரை எண்ணினால் சரியாக 94. எனவே ஜூலை 15ஐப் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு பகுதி வந்தது என்று அன்றைய செய்தித்தாள் நிகழ்ச்சி நிரல் காட்டினால் மட்டும் மாற்றலாம். உங்கள் நூலகத்திலேயே பழைய நாளிதழ் கட்டு இருந்தால் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைத் தாள்களையும் புரட்டிப் பாருங்கள்.

ஹம் லோக்: 1984 ஜூலை 7 முதல் 1985 டிசம்பர் 17 வரை, 156 பகுதிகள். இங்கே கணக்கு வேறு மாதிரி. முதல் நாள் சனி, கடைசி நாள் செவ்வாய். 76 வாரத்துக்குள் 156 பகுதி என்றால் வாரத்துக்கு இரண்டுக்கும் சற்று மேல். "வாராந்திரத் தொடர்" என்று எழுதினால் பிழை. "முதல் சீரியல்" என்பதையும் தவிர்க்கலாம், மாநில நிலையங்கள் அதற்கு முன்பே நாடகங்கள் போட்டிருக்கின்றன. "தேசிய ஒளிபரப்பில் வந்த முதல் நெடுந்தொடர்" என்றால் யாரும் மறுக்க முடியாது. மெக்சிகோவில் மிகேல் சாபிதோ என்பவர் சமூகக் கருத்தைத் தொடர்கதைக்குள் வைத்துச் சொல்லும் முறையை உருவாக்கினார், அதைப் பார்த்துத்தான் குடும்பநலக் கருத்தோடு இது திட்டமிடப்பட்டது. எழுதியவர் மனோகர் ஷியாம் ஜோஷி. ஒவ்வொரு பகுதி முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து பேசுவார். மேகி நூடுல்ஸ் விளம்பரதாரர்.

அது அந்த ஆண்டில் பற்றிக்கொண்டதற்குக் கதை மட்டும் காரணமில்லை. 1984ல் 100 வாட் சிறு டிரான்ஸ்மிட்டர்களை நாளுக்கு ஒன்று என்ற வேகத்தில் ஊர் ஊராக நிறுவினார்கள். ஒன்று எட்டுவது 15, 25 கிலோமீட்டர்தான், ஆனால் ஒரு நகரத்துக்கு அது போதும். பலகையில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்.

வெள்ளவத்தை வாசகன்:

இலங்கையையும் ஒரு வரியில் சேர்ப்பீர்களென்றால் ஒரு விசயம். "1982ல் ரூபவாஹினியோடு இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது" என்று பல இடங்களில் கிடக்கிறது. அது பிழை. முதலாவது ஐடிஎன் என்ற தொலைக்காட்சி நிலையம், 1979 ஏப்ரல் 13. தனியார் முயற்சியாகத் தொடங்கியது, அதே ஆண்டு ஜூன் 5ஆம் திகதி அரசு எடுத்துக்கொண்டது. அதன் ஒளிபரப்பு கொழும்பைச் சுற்றி மட்டுந்தான். ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15, ஜப்பான் அரசின் உதவியோடு. பிதுருதலாகல மலை 2,524 மீட்டர், அங்கே கோபுரம் வைத்ததால்தான் நாடு முழுக்கப் போனது. உங்கள் தென்கரை ஊர்களில் ஆட்கள் உயரக் கம்பம் நட்டு ரூபவாஹினி பார்த்ததற்கும் உயரம்தான் காரணம். இடையில் கடல், மறைக்க ஒன்றுமில்லை.

நூலகத்திண்ணை:

மூவருக்கும் நன்றி. 91, 94 கணக்கை நாட்காட்டியில் எண்ணிப் பார்த்துவிட்டேன், ஜூலை 15தான். தனியார் சேனல்களுக்கு எந்தத் தேதிகளைப் போடுவது? ஏரியல், டிவி பற்றி யாராவது சொல்லுங்களேன்.

கோபுர உச்சி:

ஜீ டிவி 1992 அக்டோபர் 2, சன் டிவி 1993 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்று, ஏசியாநெட் அதே ஆண்டு ஆகஸ்ட் 30. அன்று தனியார் யாரும் இந்திய மண்ணிலிருந்து செயற்கைக்கோளுக்கு அனுப்ப அனுமதி இல்லை. நிகழ்ச்சியை டேப்பில் பதிந்து வெளிநாட்டுக்கு அனுப்பி, அங்கிருந்து மேலே ஏற்றினார்கள். ஆகவே "சென்னையிலிருந்து ஒளிபரப்பு" என்று எழுத வேண்டாம். 1995 பிப்ரவரி 9 உச்ச நீதிமன்றத் தீர்ப்பை விடாதீர்கள்: அலைவரிசைகள் பொதுச் சொத்து, அரசின் ஏகபோகம் அல்ல என்றது. கடைசிப் பதிவாக 2024 ஜனவரி 19, பொதிகை 'டிடி தமிழ்' ஆன நாள்.

அளவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். 15 அடி என்றால் 180 அங்குலம். 75 ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2.4 அங்குலம். 1960களில் பலகை காலியாகக் கிடக்கும், 1982, 1984 இரண்டிலும் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். மேல் ஒரு அடியில் முழுக் காலத்தையும், கீழ் இரண்டு அடியில் 1975 முதல் 1995 வரை மட்டும் ஆண்டுக்கு 9 அங்குலம் வீதம் விரித்தும் போடுங்கள். நூலகத்தில் நடந்துகொண்டே படிப்பார்கள், எழுத்து 28 பாயின்ட்டுக்குக் குறையக்கூடாது.

சால்டரிங் அயர்ன்:

ஏரியலுக்கு வெறும் "1975" என்று அட்டை மாட்டுவதற்கு முன் டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு முனையும் வளைந்து மூடிய குழாய் இருக்கிறதே, அதுதான் டைபோல். அதன் நீளம் மீட்டரில் சுமார் 143 வகுத்தல் மெகாஹெர்ட்ஸ். பேண்ட் 1 (டிவி அலைவரிசைகளில் கீழ்ப் பட்டை), நான்காவது சேனல் 61 முதல் 68 மெகாஹெர்ட்ஸ், நடுவில் 64.5 என்று வைத்தால் 2.2 மீட்டர். அதற்கு மேலுள்ள பேண்ட் 3 என்றால் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். குழாய் குட்டையாக இருந்தால் பேண்ட் 1 நிலையத்துக்கானது இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். பின்னாலிருக்கும் நீளமான கம்பி ரிஃப்ளெக்டர், முன்னால் இருப்பவை டைரக்டர். நிறுத்தும்போது டைரக்டர் பக்கம் நிலையத்தைப் பார்க்க வேண்டும். கண்காட்சிகளில் இதைத் திருப்பி வைத்துவிடுவது வழக்கமான தவறு.

டிவியில் படம் ஓட வேண்டுமா, சும்மா நிற்க வேண்டுமா? ஓட வேண்டுமென்றால் நேராக பிளக்கைச் சொருகாதீர்கள். பல வருடம் கிடந்த பெட்டியில் எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் காய்ந்திருக்கும், திடீரென முழு மின்சாரம் கிடைத்தால் வெடிக்கலாம். டிவிக்குப் போகும் மின்கம்பியில் 100 வாட் குண்டு பல்பைத் தொடராக (சீரீஸில்) இணைத்து ஆன் செய்யச் சொல்லுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் உள்ளே ஷார்ட், உடனே அணைக்கவும். பின்மூடியைத் திறப்பது பழைய டிவி மெக்கானிக்கின் வேலை. பிக்சர் டியூபின் பக்கத்தில் ரப்பர் மூடி போட்ட இணைப்பில் அணைத்த பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

படம் கொடுக்க டிவிடி பிளேயரோடு, அதன் படத்தை டிவி சேனல் அலையாக மாற்றும் ஒரு ஆர்எஃப் மாடுலேட்டர் வேண்டும், ஏனென்றால் பழைய பெட்டியில் ஏவி சாக்கெட் கிடையாது. வாங்கும்போது இரண்டைக் கவனியுங்கள். ஒன்று, மாடுலேட்டர் விஎச்எஃப் (பேண்ட் 1, 3 இரண்டும் இதில் அடக்கம்) சேனலில் வெளியிட வேண்டும். கறுப்பு வெள்ளைப் பெட்டிகள் பலவற்றில் விஎச்எஃப் ட்யூனர் மட்டும்தான், அதைவிட உயர் அலைவரிசையான யூஎச்எஃப் மாடுலேட்டர் மாட்டினால் புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும். இரண்டு, நம் நாட்டு டிவி முறையான பால் பி (PAL-B) அமைப்பாக இருக்க வேண்டும். அமெரிக்க முறை மாடுலேட்டரில் ஒலி 4.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி வரும், நம் பெட்டி 5.5ல் தேடும், படம் சுமாராக வந்து ஒலி வராமல் போவது இதனால்தான். பின்னால் இரண்டு திருகு மட்டும் இருந்தால் அது 300 ஓம் ரிப்பன் வயருக்கானது. மாடுலேட்டர் கேபிள் 75 ஓம், நடுவில் ஒரு பாலன் மாட்டுங்கள். கடையில் "மேட்சிங் டிரான்ஸ்ஃபார்மர்" என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

ஒரே படத்தை அசையாமல் நாள் முழுக்க விடாதீர்கள், டியூபின் பாஸ்பரில் தடம் விழுந்துவிடும். பார்வையாளர் வரும்போது மட்டும் ஓட்டினாலே போதும்.