நார்த்தூளுக்கு மூன்று அலசல் போதுமா?

ஒரத்தநாடு தக்காளி
சென்ற வாரம் பட்டுக்கோட்டையில் விவசாயிகள் கூட்டம் ஒன்று நடந்தது. ஒருவர் எழுந்து, "கோகோபீட்டை, அதாவது தேங்காய் நார்த்தூளை, தண்ணீரில் மூன்று முறை அலசினால் போதும், கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைப்பதெல்லாம் உரக்கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. இதே பேச்சை நம்பித்தான் போன தை மாதம் நிழல்வலைக் குடிலில் 300 பை தக்காளி வைத்தேன். காய் எலுமிச்சை அளவுக்கு வந்தபோது அடியில் நீர் கோத்ததுபோல ஒரு வட்டம் தெரிந்தது. நான்கே நாளில் அது கறுத்து, செருப்புத் தோல்போலத் தட்டையாகிவிட்டது. முதல் இரண்டு கொத்துகளையும் பறித்துக் குழியில் கொட்டினேன். இனி ஒருவரும் இந்தக் கதையைக் கேட்டு ஏமாறக் கூடாது.

பேராவூரணிக்காரன்
எழுந்து பேசியது நான்தான், தம்பி. ஏசுவதென்றால் நேராக ஏசுங்கள். இருபத்திரண்டு வருடமாக நார்த்தூளோடு கிடக்கிறேன். மூன்று அலசல் போதும். கேரளத்துக் காயலில் மாதக்கணக்கில் ஊறிய மட்டையில் உப்பு இருக்கும். எங்கள் மட்டை நல்ல தண்ணீரில் நனைந்து மில்லுக்குப் போகிறது. மூன்றாவது அலசலில் வடியும் தண்ணீரில் மீட்டரை வைத்தால், உப்பின் அளவைக் காட்டும் இ.சி. 0.5க்குக் கீழே நிற்கிறது. உங்கள் காய் கறுத்ததற்குக் காரணம் நீங்கள் தண்ணீர் விட்ட லட்சணம். ஒருநாள் காயப்போட்டு மறுநாள் வெள்ளமாக விட்டால் எந்தத் தக்காளிக்கும் அடி கறுக்கும்.

குடந்தை மாடித்தோட்டம்
ஐயா, மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் காட்டும். நாரில் ஒட்டியிருக்கும் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் காட்டாது. உப்புத் தண்ணீர் படாத மட்டையிலும் பொட்டாசியம் உண்டு. தென்னை பொட்டாசியத்தை, அதாவது சாம்பல் சத்தை, அள்ளிக்கொள்ளும் மரம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஒட்டியது வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் வந்து அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார வேண்டும். முன்கூட்டியே அதைச் செய்யாவிட்டால், செடிக்கு ஊற்றும் கால்சியத்தை நார் பிடுங்கிக்கொள்ளும், கால்சியம் எட்டாத காய்க்கு அடி கறுக்கும். நான் 5 கிலோ கட்டிக்கு 100 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து ஓர் இரவு ஊறவைக்கிறேன். காலையில் வடிவது கடுந்தேநீர் நிறத்தில் இருக்கும். வடித்துவிட்டு ஒருமுறை அலசிய பிறகுதான் நாற்று நடுகிறேன்.

பேராவூரணிக்காரன்
மாடியில் இருபது தொட்டி வைத்திருப்பவர்கள் லாரி லாரியாக நார்த்தூள் ஏற்றியவனுக்குப் பாடம் எடுக்கிறார்கள்! எங்கள் போர்த் தண்ணீரிலேயே கால்சியம் இருக்கிறது, அம்மா. வெந்நீர் வைக்கும் குண்டானில் வெள்ளையாகப் படிகிறதே, அது என்ன? அந்தத் தண்ணீரில் அலசினால் சேர வேண்டியது சேரும். மூன்று அலசல் போதும்.

குடந்தை மாடித்தோட்டம்
அப்படியென்றால் கால்சியம் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

பேராவூரணிக்காரன்
நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. மூன்று அலசல் போதும் என்றுதான் சொன்னேன், சொல்கிறேன்.

வேதாரண்யம் மணல்மேடு
எங்கள் ஊர்ப் போரில் வருவதே உப்புத் தண்ணீர். அதில் மூன்று முறை அலசினால் சோடியம் ஏறும், இறங்காது. எந்தத் தண்ணீர், எத்தனை மாதம் கிடந்த நார்த்தூள், ஓர் அலசலுக்கு எத்தனை லிட்டர்? இதைச் சொல்லாமல் மூன்று அலசல் என்றால் என்ன அர்த்தம், அண்ணா?

பேராவூரணிக்காரன்
மூன்று என்றால் மூன்று. உப்புத் தண்ணீர்க்காரர்கள் மழைநீரைப் பிடித்துவைத்து அலசுங்கள்.

திருத்துறைப்பூண்டி இயற்கை உழவன்
இயற்கை வேளாண்மைக்காக உழைத்த நம்மாழ்வார் பிறந்தது இளங்காட்டில். 2013 டிசம்பரில் அவர் உயிர் பிரிந்தது பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில். அந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு மூட்டை உரத்துக்காக அடித்துக்கொள்கிறீர்கள். நார்க்கழிவைச் சிப்பிக்காளான் வித்துப் போட்டு மட்கவைத்துப் பஞ்சகவ்யம் ஊற்றுங்கள். எந்த நைட்ரேட்டும் வேண்டாம்.

ஒரத்தநாடு தக்காளி
சிப்பிக்காளான் முறை வேளாண் பல்கலைக்கழகம் சொன்னது. அதில் ஒரு டன்னுக்கு 5 கிலோ யூரியாவும் உண்டு. கரிக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 112:1இலிருந்து 24:1க்கு இறங்குவது அதனால்தான். யூரியாவை மட்டும் வசதியாக மறந்துவிட்டீர்கள். பஞ்சகவ்யத்தைச் சொட்டுநீரில் விட்டவன் நான். மூன்றாம் நாள் ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொட்டுவானாகக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திருத்துறைப்பூண்டி இயற்கை உழவன்
வடிகட்டாமல் விட்டது உங்கள் குற்றம். பஞ்சகவ்யத்தின் மேல் பழி போடாதீர்கள்.

பேராவூரணிக்காரன்
சொட்டுவான் அடைப்பைப் பற்றி என்னிடம் கேளுங்கள். நான் 200 லிட்டர் பீப்பாயில் கால்சியம் நைட்ரேட், மக்னீசியம் சல்பேட், 12:61:0 என்ற பாஸ்பேட் உரம் மூன்றையும் ஒன்றாகக் கரைத்து விடுகிறேன். நன்றாகக் கலக்கினால் அடைக்காது.

குடந்தை மாடித்தோட்டம்
ஐயோ! மூன்றும் ஒரே பீப்பாயிலா? கால்சியம் நைட்ரேட் உரக்கடைக் கதை என்றவர் பீப்பாயில் அதையேதான் கொட்டுகிறீர்களா?

பேராவூரணிக்காரன்
செடிக்குக் கொடுப்பேன். நாருக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டும் வேறு.

ஒரத்தநாடு தக்காளி
அண்ணா, அடர்த்தியான கரைசலில் கால்சியமும் சல்பேட்டும் சேர்ந்தால் ஜிப்சம். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தாலும் திரிந்து படியும். போன வருடம் உங்கள் தோப்புக்கு வந்தபோது பீப்பாயைச் சாய்த்துப் பார்த்தேன். அடியில் நான்கு விரல் உயரத்துக்கு வெள்ளைக் கஞ்சி நின்றது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம் அங்கேதான் கிடந்தது. அதனால்தான் எல்லோரும் கால்சியம் நைட்ரேட்டைத் தனித் தொட்டியில் கரைத்து, சல்பேட்டையும் பாஸ்பேட்டையும் இன்னொரு தொட்டியில் வைக்கிறார்கள்.

பேராவூரணிக்காரன்
வீட்டுக்கு வந்தவனுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தேன். அவன் என் பீப்பாயைச் சாய்த்துப் பார்த்திருக்கிறான். இதுதான் ஒரத்தநாட்டு மரியாதையா? கேட்டுக்கொள்ளுங்கள்: என் குடிலில் ஒரு வெள்ளரிப் பிஞ்சுகூடக் கறுத்ததில்லை. மூன்று அலசல் போதும்.

குடந்தை மாடித்தோட்டம்
வெள்ளரியில் தக்காளியைப் போல அவ்வளவாக அடி கறுக்காது, ஐயா. நாங்கள் பேசுவது தக்காளி. வெள்ளரியில் இளங்குருத்தின் ஓரத்தைப் பாருங்கள், கருகியிருக்கிறதா என்று.

பேராவூரணிக்காரன்
என் குருத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கும்பகோணத்துக்காரர் ஒருவர் இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் பதினான்கு மூட்டை வாங்கிப்போய் இன்னும் பணம் தரவில்லை. அந்த ஊரிலிருந்து எனக்குப் பாடம் வேண்டாம்.

குடந்தை மாடித்தோட்டம்
யாரோ பணம் தராததற்கு நான் என்ன செய்வேன்? கால்சியத்துக்குப் பதில் சொல்லுங்கள்.

பேராவூரணிக்காரன்
2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்துப் போட்டபோது என் தோப்பில் நின்ற மரத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாய்ந்த மரங்களுக்கு நடுவே உட்கார்ந்து அழுதுவிட்டு, இந்த நார்த்தூளை வைத்துத்தான் திரும்ப எழுந்தேன். மீட்டரும் புத்தகமும் வைத்துக்கொண்டு நீங்கள் சொல்லும் எந்தக் கணக்கும் எனக்கு வேண்டாம். அன்றும் மூன்று முறைதான் அலசினேன்.

வேதாரண்யம் மணல்மேடு
கஜா கரையேறியதே எங்கள் பக்கம்தான். மாமரம், முந்திரி, தென்னை மூன்றும் போயின. உங்கள் தோப்பில் மட்டும் அடித்ததுபோலப் பேசாதீர்கள்.

பேராவூரணிக்காரன்
உங்கள் இழப்பை நான் குறைத்துச் சொன்னேனா? எந்த வரியில் சொன்னேன், காட்டுங்கள்.

வேதாரண்யம் மணல்மேடு
காட்டுகிறேன். முதலில் என் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். ஓர் அலசலுக்கு எத்தனை லிட்டர்?

பேராவூரணிக்காரன்
வரியைக் காட்டுங்கள் என்றேன்.