ஃப்ரெட் கழற்றிய பேஸ் கிட்டார்: பள்ளங்களை எதைக் கொண்டு அடைப்பது?

நண்பர்களுக்கு வணக்கம். கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். என் நான்கு கம்பி பேஸ் கிட்டாரின் கழுத்துப் பலகையில் குறுக்கே பதித்திருந்த 20 ஃப்ரெட்டுகளையும் (உலோகப் பட்டைகளையும்) ஞாயிற்றுக்கிழமை கழற்றிவிட்டேன். சால்டரிங் அயனால் ஒவ்வொன்றையும் சூடாக்கி, குறடால் மெல்ல நெம்பியதால் ரோஸ்வுட் பலகை இரண்டு இடங்களில் மட்டுமே பெயர்ந்தது.

இப்போது ஃப்ரெட்டுகள் இருந்த பள்ளங்களை அடைக்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் அகலம். வெளிர்நிற மரச்சீவலை ஒட்டினால் சுரம் பிறக்கும் இடம் கோடாகத் தெரியும். எனக்கு அது வேண்டும். தருமபுரி நண்பரோ, "கோடு எதற்கு, காதை நம்புங்கள்" என்கிறார். "மாம்பழ ஊர்க்காரர்தானே, மாமரச் சீவலையே வையுங்கள், சித்திரையில் காய்க்கும்" என்று கேலி வேறு! பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) மாற்றியபோது, கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் கம்பியை அவர் மறந்து, ஒரு வாரம் இரைச்சலோடு போராடியதை நினைவூட்டினேன். இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மெல்லிய மரச்சீவல் ஓசூர்ப் பக்கம் கிடைக்குமா, பெங்களூருக்குத்தான் போக வேண்டுமா?

அடுத்தது பூச்சு. என் கவலையெல்லாம் இதில்தான். சொரசொரப்பான ரவுண்ட்வூண்ட் கம்பிகளின் ஒலிதான் எனக்குப் பிடிக்கும், ஆனால் அவை ரோஸ்வுட்டை அரித்துவிடும். ஃப்ரெட் இல்லாத பேஸுக்குப் பெயர்பெற்ற ஜாக்கோ பாஸ்டோரியஸ், பலகையில் படகுகளுக்கான எப்பாக்சிப் பிசினைப் பூசினார். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது இளகாமல் நிற்குமா? எத்தனை பூச்சு கொடுத்தீர்கள்?

ஃப்ரெட் போனதால் கம்பிகள் உயரமாக நிற்கின்றன. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட்டை எவ்வளவு இறக்கினீர்கள் என்பதையும், செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொல்லுங்கள்.