திரையும் தரவும் தனித்தனியாகத்தான் இருக்க வேண்டுமா?

கணக்கன்:
2020-இல் மனித ஜீன்களுக்குப் பெயர் வைக்கும் குழு சில ஜீன்களின் பெயரையே மாற்றியது. காரணம் எக்செல். 'செப்ட்1' என்று தட்டினால் அது செப்டம்பர் 1 ஆகிவிடும், அதனால் 'செப்டின்1' ஆக்கினார்கள். காட்டுகிற வேலையும் தரவைக் காக்கிற வேலையும் கலந்தால் இதுதான் கதி. இங்கே என்னடாவென்றால் பில்லிங் மென்பொருளில் திரையில் இருக்கும் பட்டனின் நிரலுக்குள்ளேயே எஸ்க்யூஎல் (தரவுத்தளத்தோடு பேசும் கட்டளை மொழி) எழுதுகிறார்கள்!

டீபக்கர்:
தப்பான சாட்சியைக் கூண்டில் ஏற்றிவிட்டீர்கள். எக்செல் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. 2020-இல் தட்டியிருந்தால் கட்டத்துக்குள் இருப்பது 44075 என்ற நாள்கணக்கு எண். தேதி என்பது அதன்மேல் போட்ட சட்டை. அதனால்தான் பிறகு 'டெக்ஸ்ட்' என்று மாற்றினாலும் ஜீன் பெயர் வராது, 44075 வந்து நிற்கும். அப்புறம், நீங்கள் சொல்கிறபடி திரை, கணக்கு, தரவு என்று அடுக்கடுக்காகப் பிரித்தால், பில்லில் 'தள்ளுபடி' என்று ஒரு கட்டம் சேர்க்க நாலு அடுக்கில் நாலு கோப்பைத் திறக்க வேண்டுமா? 2013-இல் வெளிவந்த ரியாக்ட் என்ற திரை கட்டும் கருவி, மார்க்கப்பையும் (திரையின் அமைப்பைச் சொல்லும் குறிகள்) அதை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலையும் ஒரே கோப்பில் போட்டது. குடி முழுகிப்போகவில்லையே.

கணக்கன்:
44075 சரி, ஆனால் அந்த எண்ணைத் தீர்மானித்தது யார்? தட்டியவரைக் கேட்காமல் திரையே ஊகித்தது. ரியாக்டில் கலந்தது மார்க்கப்பும் அதைக் காட்டும் லாஜிக்கும்தான், தரவுத்தளம் இல்லை. 1979-இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ட்ரிக்வே ரீன்ஸ்காக் எம்விசி-யை (மாடல், வியூ, கண்ட்ரோலர் என்று நிரலைப் பிரிக்கும் முறை) எழுதியபோதே தரவைக் காக்கும் மாடலைத் தனியாக வைத்துவிட்டார்.

எழுத்தாணி:
இடையில் நுழைகிறேன். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு வருவதற்கு முன்பு, டிஸ்கி, டாப் என்ற தமிழ் எழுத்துக் குறியீடுகளில் 'கொ' என்பதை கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்தோம். அகரவரிசைப்படுத்தப் பட்ட பாடு சொல்லி மாளாது. யூனிகோடில் ககரம் முதலில், உயிர்க்குறி பின்னால். கொம்பை முன்னே நகர்த்துவது திரையின் பொறுப்பு.

டீபக்கர்:
இது நல்ல சாட்சி. ஆனால் அங்கே தேவைப்பட்டது அடுக்கு இல்லை, எதைச் சேமிப்பது என்ற முடிவு. தொகையை '₹1,25,000' என்று எழுத்தாகப் போடாமல் 125000 என்று எண்ணாகப் போடு, அவ்வளவுதான். அதைப் பட்டனுக்குள் இருக்கும் எஸ்க்யூஎல்லிலும் செய்யலாம்.

கணக்கன்:
செய்யலாம். கடைக்காரர் அதே பில்லை மொபைலிலும் போட வேண்டும் என்பார். ஜிஎஸ்டி கணக்கு பட்டனுக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். அங்கேயும் ஒரு நகல் எழுதுவீர்களா? வரி விகிதம் மாறினால் ஒன்றைத் திருத்தி மற்றதை மறப்பீர்கள்.

டீபக்கர்:
அவர் கேட்கும் அன்றைக்கு அந்தக் கணக்கை மட்டும் வெளியே எடுத்து ஒரு ஃபங்ஷனில் (இரண்டு இடத்திலிருந்தும் அழைக்கக்கூடிய நிரல்துண்டில்) வைப்பேன். கேட்காத மொபைலுக்காக இன்றைக்கே நாலு கோப்பு எழுத மாட்டேன்.