கப் வந்துடுச்சு, சரி. ஆடினது நம்ம பசங்களா?

குடமுருட்டி
நம்ம காலேஜ் பாஸ்கெட்பால் டீம் இந்த வருஷம் பல்கலைக்கழக இன்டர் காலேஜ் கப்பைத் தூக்கிட்டு வந்துடுச்சு. நான் படிச்ச மூணு வருஷமும் முதல் ரவுண்டுலயே பையைக் கட்டிக்கிட்டு வந்த டீம் இது. திருச்சியைத் தாண்டி கிழக்கே கப் வந்து நான் பார்த்ததே இல்லை.

ஃபைனலுக்கு லீவு போட்டுட்டுப் போனேன். கடைசி குவார்ட்டர்ல எதிரணிக்கு நாலு டீம் ஃபௌல் சீக்கிரமே முடிஞ்சுபோச்சு. அஞ்சாவதுல இருந்து தொட்டாலே ரெண்டு ஃப்ரீ த்ரோ இல்லையா, அதை மோப்பம் பிடிச்சவன் நம்ம பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தறவன். வலங்கைமான் பக்கத்துப் பையன், அஞ்சடி ஆறு அங்குலம் இருந்தா அதிகம். பந்தை வாங்கறது, பனைமரம் மாதிரி நிக்கிற ஆளுங்க நடுவுல தலையைக் குனிஞ்சு புகுந்துடறது. விசில். லைன்ல நின்னு ரெண்டையும் போடறது. மறுபடியும் அதே. எதிர் கோச் டைம் அவுட் எடுத்துக் கத்தினது கேலரி வரைக்கும் கேட்டுச்சு. கண்ணு கலங்கிடுச்சுங்க. பேனருக்குக் காசு வசூல் பண்றோம், விருப்பப்பட்டவங்க சொல்லுங்க.

பழைய சென்டர்
வாழ்த்துகள். ஒரே ஒரு கேள்வி, குடமுருட்டி தம்பி. முதல்ல இறங்கின அஞ்சு பேர்ல நம்ம டெல்டா பசங்க எத்தனை பேர்? நீங்க சொன்ன அந்த ஒருத்தன்தானே? மிச்சம் நாலு பேர்ல ரெண்டு பேர் தேனி மாவட்டம், ஒருத்தன் கோவை, ஒருத்தன் சென்னை. ஃபீஸ் கிடையாது, ஹாஸ்டல் இலவசம், மெஸ் இலவசம். கொடுக்கட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனா வாடகைக் குதிரையில ஏறிப் பந்தயத்துல ஜெயிச்சுட்டு, எங்க வீட்டுத் தொழுவத்துல பிறந்ததுன்னு பேனர் கட்டாதீங்க.

நான் தொண்ணூறுகள்ல இதே காலேஜுக்கு ஆடினவன். அப்ப இருபது நிமிஷமா ரெண்டு பாதி, முப்பது செகண்டுக்குள்ள ஷாட். இப்ப இருக்கிற நாலு குவார்ட்டர், 24 செகண்ட் எல்லாம் 2000-ல வந்தது. நாங்க எதுவும் ஜெயிக்கலை, ஒத்துக்கறேன். ஆனா பன்னிரண்டு பேரும் சாயங்காலம் டவுன் பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போற பசங்க.

மேலவீதி
சார், காவிரியே குடகுல பிறந்து வர்ற வெளியூர்த் தண்ணிதான். அதுக்கு ஆடிப்பெருக்கு அன்னைக்குக் காதோலை கருகமணி விட்டுக் கும்பிடலையா நாம? வந்து பாய்ஞ்ச பிறகு நம்ம ஆறு. அவ்வளவுதான் விஷயம்.

பழைய சென்டர்
நல்ல உதாரணம் எடுத்துக் கொடுத்தீங்க மேலவீதி. ஜூன் 12-ல மேட்டூரைத் திறந்தாங்கன்னு டிவியில பூத் தூவறதைக் காட்டுவாங்க. கடைமடையில இருக்கறவன் அதுக்கப்புறமும் வாய்க்காலைப் பார்த்துக்கிட்டு நிப்பான். நம்ம டீமும் அதே கதைதான். கப் வந்தது. கடைமடைக்கு என்ன வந்தது? உள்ளூர்ப் பசங்க ஏழெட்டுப் பேர் சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்ச்சானுங்க. அதுல ஒருத்தன் பிராக்டிஸ்ல ஓரமா நின்னு செகண்ட் எண்ணினதை நான் என் கண்ணால பார்த்தேன். அதுக்கா அவன் ஷூ வாங்கினான்?

குடமுருட்டி
அண்ணே, ஈரோட்டுல பிறந்த ராமானுஜனை நம்ம கும்பகோணத்து ராமானுஜன்னு சொல்றோமா இல்லையா? காலேஜ்ல ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்தாங்க. அதையும் வாடகைக் குதிரைன்னு சொல்லுவீங்களா?

பழைய சென்டர்
தம்பி, ஈரோடு அவருக்கு அம்மா வழிப் பாட்டி வீடு. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போறது ஊர் வழக்கம். வளர்ந்தது, படிச்சது எல்லாம் கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெரு. அதோட அந்த ஸ்காலர்ஷிப்பை, மத்த பாடத்துல ஃபெயில் ஆனார்னு அதே காலேஜ்தான் பிடுங்கிக்கிச்சு. உதாரணம் உங்களுக்கே எதிராப் போகுது.

மேலவீதி
😂 அண்ணன் கையில பந்து மாட்டினா போர்டுல அடிச்சே போடுவாரு.

வெண்ணாற்றங்கரை
நான் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில பி.டி. வாத்தியார். ரெண்டு பேரும் காலேஜைப் பிடிச்சுத் தொங்கறீங்க. சிக்கல் அங்க இல்லை.

எங்க பள்ளி கோர்ட் கதையைக் கேளுங்க. பழைய சிமெண்ட் வெடிச்சுப்போச்சுன்னு அதுக்கு மேலயே புதுசா ஒரு தளம் போட்டாங்க. கம்பத்தை உயர்த்தணும்னு யாருக்கும் தோணலை. ரிங் தரையில இருந்து பத்தடி இருக்கணும், இப்ப ஒன்பதரைகூடத் தேறாது. அதுல பழகின பையன் தஞ்சாவூர் அன்னை சத்யா ஸ்டேடியத்துக்குப் போனா எல்லா ஷாட்டும் ரிங்குக்கு முன்னாடியே செத்து விழுது. 'என்னடா கை நடுங்குதா'ன்னு அங்க கேக்கறாங்க. கை நல்லாத்தான் இருக்கு, கம்பம்தான் குள்ளம்.

அடுத்தது நெல்லு. குறுவை அறுக்கற நேரம் மழையும் கூடவே வரும். கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா மூட்டையைத் திருப்பிடுவாங்க. ஊருக்குள்ள தண்ணி தேங்காத சிமெண்ட் தரை எங்க கோர்ட் ஒண்ணுதான். நான் எப்படித் தடுக்கறது? கொண்டு வந்து கொட்டறது என் பிளேயரோட அப்பா. எங்க ஊர்ல களம்னா முதல்ல நெல் களம், அப்புறம்தான் ஆட்டக்களம். மழை ஓஞ்சதும் பாசி ஏறிடும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்ச்சு, பசங்க வழுக்காம ஓட ஆரம்பிக்கும்போது பொங்கல் வந்துடும்.

தேனிப் பையன் எப்படி வளர்றான் தெரியுமா? பெரியகுளத்துல மே மாசம் அகில இந்தியப் போட்டி நடக்கும். ராணுவ அணி, வங்கி அணி எல்லாம் வந்து ராத்திரி லைட் வெளிச்சத்துல ஆடுவாங்க. எட்டு வயசுப் பையன் லைன் ஓரமா உக்காந்து இதைப் பார்த்துப் பார்த்து, ஸ்கிரீன் வைக்கறதை, அதாவது தன் டீம் ஆளுக்கு வழி கிடைக்க எதிராளிக்குக் குறுக்க அசையாம நிக்கறதை, தானாக் கத்துக்கறான். நம்ம பையன் முதல் தடவையா ஸ்கிரீனைப் பார்க்கறதே காலேஜ்லதான். மோதிட்டு, 'சார், அவன் குறுக்க வந்து நிக்கறான்'னு என்கிட்ட புகார் சொல்றான்.

கூடலூர் பக்கம்
நான் அந்த வாடகைக் குதிரை. இந்த வருஷத்து டீம் இல்லை, அதுக்கு முந்தின செட். சொந்த ஊர் தேனி மாவட்டம், இப்ப தஞ்சாவூர்லதான் வேலை, கல்யாணமும் இங்கதான்.

பழைய சென்டர் அண்ணே, தப்பா எடுத்துக்கலை. ஆனா ஒண்ணு சொல்லணும். எங்க வீட்ல என்னைக் காலேஜ்ல சேர்க்கற வசதி கிடையாது. ஆறடி மூணு அங்குலம் இருந்தேன், அதை வெச்சு ஒரு டிகிரி வாங்கினேன். அரசு வேலையில விளையாட்டுக்காரங்களுக்கு 3 சதவீதம் இடம் இருக்குன்னு எனக்குச் சொன்னதே இங்க இருந்த பி.டி. சார்தான். ரெண்டாவது வருஷம் முழங்கால் போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறம் ஆறு மாசம் ஆட முடியலை. அந்த ஆறு மாசம் எனக்கு மெஸ் பில் வந்துச்சு அண்ணே. ஓடாத குதிரைக்கு யாரு கொள்ளு வெப்பா? அப்ப எனக்குச் சோறு போட்டது டீம்ல இருந்த உங்க ஊர்ப் பசங்க. நீடாமங்கலத்துல ஒரு வீட்ல நான் மாசக்கணக்கா சாப்பிட்டிருக்கேன். உங்க கோபம் நியாயம்தான். அதை எங்க மேல காட்டாதீங்க.

பழைய சென்டர்
மெஸ் பில் விஷயம் எனக்குத் தெரியாது தம்பி. குதிரைன்னு சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். நாலு பேரை வெளியில இருந்து எடுக்கலாம், எட்டுப் பேரை ஊர்ல இருந்து வளர்க்கணும்கற பேச்சை மட்டும் விடமாட்டேன்.

அரசலாற்று அக்கா
எல்லாரும் பேசி முடிச்சீங்களா? இதே வருஷம் இதே காலேஜ் பெண்கள் டீம் செமி ஃபைனல் வரைக்கும் போச்சு. பன்னிரண்டு பேரும் உள்ளூர். பழைய சென்டர் சார் கேட்ட அதே டவுன் பஸ் டீம்! ஒருத்தராவது இங்க எழுதினீங்களா? ஒரு வார்த்தை?

என் தங்கச்சி பொண்ணு அதுல ஆடறா. கோர்ட் ஆம்பளைப் பசங்களுக்கு அஞ்சு மணியில இருந்து. பொண்ணுங்களுக்கு மூணரைக்கு, தார் ரோடு மாதிரி கொதிக்கற சிமெண்ட்ல. ஏன்னு கேட்டா, அஞ்சே முக்கால் பஸ்ஸை விட்டா அவங்களுக்கு வேற பஸ் இல்லையாம், உங்க நல்லதுக்குத்தான்னு பதில். லைட் போட்டது யாருக்குன்னு இப்பதான் புரியுது. சென்னையில இருந்து வந்த அனிதா பால்துரை இந்திய டீமுக்கே கேப்டனா இருந்து 2021-ல பத்மஸ்ரீ வாங்கினாங்க. நம்ம பக்கம் அவங்க படத்தை எந்த கோர்ட் சுவத்துலயாவது பார்த்திருக்கீங்களா?

குடமுருட்டி
அக்கா, செமி ஃபைனல் விஷயம் எனக்குச் சத்தியமாத் தெரியாது. பேனர்ல சேர்த்துடறேன்.

அரசலாற்று அக்கா
பேனர் வேண்டாம் தம்பி. அஞ்சு மணி ஸ்லாட்டை வாரத்துல மூணு நாள் வாங்கிக் கொடுங்க. பஸ்ஸுக்கு நாங்க பார்த்துக்கறோம்.

நம்பர் 12
ரெண்டு நாளா படிச்சுக்கிட்டே இருக்கேன். ஓரமா நின்னு செகண்ட் எண்ணினவன் நான்தான்.

எங்க கோர்ட்ல ஷாட் கிளாக் கிடையாது. போன் ஸ்டாப்வாட்சைப் பார்த்து நான்தான் கத்துவேன், 'பத்து... அஞ்சு, நாலு, மூணு'ன்னு. அட்டாக்ல ரீபவுண்ட் எடுத்தா, அதாவது நம்ம ஷாட் ரிங்ல பட்டுத் திரும்பின பந்தை நாமளே பிடிச்சா, 14-ல இருந்து திரும்ப. தூக்கத்துல எண்ணறேன்னு வீட்ல அம்மா சொல்லுவாங்க. ஆனா ஃபைனல்ல நம்ம டீம் ஒரு தடவைகூட 24 செகண்டைக் கோட்டை விடலை. எதிர் டீம் மூணு தடவை விட்டுச்சு. இதைப் பத்தி யாரும் இங்க எழுதலை, அதனால நானே எழுதறேன்.

பழைய சென்டர் சார், எனக்காகத்தான் பேசறீங்கன்னு தெரியும். ஆனா என்னைப் பாவம்னு சொல்லாதீங்க. பிராக்டிஸ்ல தினமும் நான் கார்டு பண்ணினது தேனி அண்ணனைத்தான். 'பந்து மேல போறப்ப அண்ணாந்து பார்க்காதடா, முதல்ல ஆளைத் தேடி முதுகைக் கொடு'ன்னு அவர் சொல்லிக் கொடுத்தார். எட்டு வருஷமா ஆடறேன், இதை எனக்கு வேற யாரும் சொன்னதில்லை. ஃபைனல்ல எனக்குக் கிடைச்சது ஒண்ணே முக்கால் நிமிஷம். நான் கோச்சா இருந்தாலும் அவரைத்தான் இறக்கி இருப்பேன்.

என் வருத்தம் வேற. போட்டிக்குப் போன நாளுக்கு ஓ.டி. போடணும், அதாவது ஆன் டியூட்டின்னு வருகை கொடுக்கணும். மெயின் பிளேயருக்கு எல்லாம் கையெழுத்தாகி வந்துடுச்சு. பெஞ்ச்ல இருந்தவங்க ஃபார்ம் டிபார்ட்மெண்ட்ல அப்படியே கிடக்குது. 'நீ ஆடவே இல்லையே, உனக்கு எதுக்கு ஓ.டி.'ன்னு கேட்டாங்க. வருகை 75 சதவீதத்துக்குக் கீழ போயிடுச்சு. கண்டோனேஷன், அதான் வருகை குறைஞ்சதுக்கான பணம், கட்டினாதான் ஹால் டிக்கெட். கப்போட போட்டோ எடுத்தப்ப நானும் நின்னேன், அந்த போட்டோ ஆபீஸ் சுவத்துலயே மாட்டியிருக்கு. அதுக்குக் கீழ நின்னுதான் பணம் கட்டச் சொன்னாங்க.

மேலவீதி
டேய் தம்பி, இதை முதல்லயே சொல்ல மாட்டியா.

பழைய சென்டர்
எத்தனை நாள்?

நம்பர் 12
ஏழு நாள் சார். என்னோட சேர்த்து அஞ்சு பேர்.

பழைய சென்டர்
ஸ்கோர் ஷீட்ல பன்னிரண்டு பேர் பேரும் இருக்கும், ஆடினாலும் ஆடலைன்னாலும். நடுவர் கையெழுத்தும் இருக்கும். ஒவ்வொரு மேட்சுக்கும் நகல் பி.டி. சார்கிட்ட இருக்கணும், கேட்டு வாங்கி வை. பணம் இன்னும் கட்டலைதானே? கட்டாதே. திங்கள்கிழமை பத்தரைக்கு ஆபீஸ் வாசல்ல இருப்பேன். குடமுருட்டி, நீயும் வாப்பா. பேனர் வசூல் எவ்வளவு இருக்குன்னு சொல்லு, ஒருவேளை கட்டத்தான் வேணும்னா அதுல இருந்து கட்டிடலாம்.

குடமுருட்டி
வரேன் அண்ணே. பேனருக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கலை.

அரசலாற்று அக்கா
அந்த ஓ.டி. லிஸ்ட்ல எங்க பொண்ணுங்க ஆறு பேரும் இருக்காங்க. நாளைக்குக் காலையில பேர் அனுப்பறேன், சேர்த்துக்குங்க.