டெக்ஸ்ச்சருக்குச் சொல்: இழைநயமா, மேனியா?

குழுவினருக்கு வணக்கம். கணினி வரைகலையில் எழுத்தின் மேலோ பொருளின் மேலோ போர்த்தும் கல், துரு, மரம் போன்ற படத்தை டெக்ஸ்ச்சர் என்கிறோம். அதற்கு மேனி என்ற சொல்லை நான் முன்வைத்ததை ஒட்டி நேற்று வந்த மடல்கள் மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

> டெக்ஸ்ச்சருக்கு இழைநயம் என்று ஏற்கெனவே சொல் இருக்கிறது. மறுபடியும் எதற்குப் பஞ்சாயத்து?

சொல் இருப்பது வேறு, அது புழங்குவது வேறு, ஐயா. அச்சகத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்கும் எவரும் இழைநயம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கிம்ப் என்ற படத்தொகுப்பு மென்பொருளின் பட்டிகளை (மெனு) தமிழாக்க முனைந்தால் தொல்லை இன்னும் கூடுகிறது. இழை என்ற ஒரு சொல்லின் தலையில் எத்தனை பாரத்தைத்தான் ஏற்றுவது! நிரலில் இணையாக ஓடும் பணி இழை. கண்ணாடி வழியே ஒளி போனால் ஒளியிழை. நாம் இப்போது மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் இந்த மடல் தொடரும் இழை.

ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேர் நெய்தலைக் குறிக்கிறது. அதைப் பார்த்துத்தான் இழையைப் பிடித்திருக்கிறார்கள். பஞ்சையும் இழையையும் காட்டி நூலுக்கு விளக்கம் சொன்ன நன்னூலைப் படித்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. துணிக்கும் சாக்குக்கும் அது பொருந்தவும் செய்யும். துருப்பிடித்த தகரத்தில் இழை எங்கே இருக்கிறது? காரை பெயர்ந்த சுவரில்? வேளாண் நூல்களில் ‘மண் நயம்’ என்று எழுதுகிறார்கள். அங்கே இழை இல்லாமலே காரியம் நடக்கிறது.

சொல் எதைச் சுட்ட வேண்டும் என்பதை வேலையிலிருந்தே பார்ப்போம். ‘கல்வெட்டு’ என்று தடித்த எழுத்துருவில் அடிக்கிறோம். அதற்கு மேல் கருங்கல்லின் ஒளிப்படத்தைத் தனி அடுக்காக (லேயர்) வைக்கிறோம். எழுத்தின் வடிவத்தைத் தெரிவாக (செலக்ஷன்) மாற்றி, அந்தத் தெரிவையே கல் அடுக்குக்கு மறைப்பாக (மாஸ்க்) இட்டால், வெளியே உள்ள கல் மறைந்து எழுத்து மட்டும் கல்லாக நிற்கும். மறைப்பில் வெள்ளை உள்ள இடம் தெரியும், கறுப்பு உள்ள இடம் மறையும், சாம்பல் அரைகுறையாகத் தெரியும். சூட்சுமம் அவ்வளவுதான்.

இதோடு விட்டால் வேலை தட்டையாக இருக்கும். ஆகவே பம்ப் மேப் என்ற வடிகட்டி (ஃபில்டர்). படத்தில் வெளிச்சமான இடம் மேடு, இருண்ட இடம் பள்ளம் என்று கொண்டு, ஒரு பக்கத்திலிருந்து ஒளி விழுவதாகக் கணக்கிட்டு அது நிழல் தருகிறது. கிம்ப்பில் ஒளியின் திசை 135 பாகை, உயரம் 45 பாகை என்று முன்கூட்டியே அமைந்திருக்கும். இதில் எந்தப் படப்புள்ளியும் இடம் பெயர்வதில்லை, நிழல்தான் மாறுகிறது. கணினி வரைகலை ஆய்வாளர் ஜேம்ஸ் பிளின் 1978-இல் இந்த உத்தியை வெளியிட்ட நாளிலிருந்தே இதன் இயல்பு இதுதான்: உள்ளே கரடுமுரடு, ஓரத்தில் வழவழப்பு. ஓரமும் உடைந்து தெரிய வேண்டுமானால் டிஸ்பிளேஸ் என்ற வேறு வடிகட்டிக்குப் போக வேண்டும்.

பரப்பின் மேல் ஏற்றுவது, மேடுபள்ளம் காட்டுவது, ஓரத்தை நகர்த்துவது என்று வேலை மூன்றாகப் பிரிகிறது. நமக்கு இப்போது சொல் வேண்டியது முதலாவதற்கு. 1974-இல் எட்வின் கேட்மல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வேட்டில் வளைந்த பரப்பின் மேல் படத்தைப் போர்த்திக் காட்டினார். வரைகலைக்காரர்கள் டெக்ஸ்ச்சர் என்று சொல்வது அப்படிப் போர்த்தும் படத்தைத்தான். கை தடவி உணரும் நயத்தை அன்று.

என் முன்மொழிவு: மேனி.

கல்மேனி, துருமேனி, மரமேனி, தாள்மேனி. எதனோடு சேர்த்தாலும் ஒட்டிக்கொள்கிறது. வினையாக்கினால் மேனியேற்று. பட்டியில் ‘மேனி ஏற்று’, ‘மேனி நீக்கு’ என்று சிறிய இடத்தில் அடங்கும். ‘இழைநயத்தைச் செயற்படுத்து’ என்று எழுதிப் பாருங்கள், பொத்தான் போதாது.

> மேனி என்றதும் அழகுசாதன விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. பரப்பு என்றே சொல்லிவிடலாமே.

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மேனி என்ற சொல்லுக்கு உடலோடு வடிவும் நிறமும் பொருள்தான். வேலியோரத்துக் குப்பைமேனியைக் கண்டு எவரும் சோப்பு விளம்பரத்தை நினைப்பதில்லை. பரப்பு கணக்குப் பாடத்தின் சொத்து. பரப்பு என்றால் எத்தனை சதுர மீட்டர் என்றுதான் மனம் கேட்கும். கல்பரப்பு என்றால் பாறை விரிந்த நிலம் கண்ணில் வரும்.

> சொரசொரப்பு என்று வைத்தால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும். ஆனால் பளிங்கும் ஒரு டெக்ஸ்ச்சர்தான். அதைச் சொரசொரப்புப் பட்டியலில் எப்படிச் சேர்ப்பது?

சொல்லை விட்டுக் கொஞ்சம் விலகி ஒன்று. தமிழ் எழுத்துக்கு மேனி ஏற்றுபவர்கள் புள்ளியைக் கவனிப்பதில்லை. பழையதாகத் தெரிய வேண்டும் என்று துருப் படத்தையே மறைப்பாக்கி எழுத்தைத் தின்ன விடுகிறார்கள். முதலில் காணாமல் போவது புள்ளி. பட்டு விற்கும் கடையின் பலகை ‘படடு’ என்று தொங்குகிறது. ஓலைச்சுவடிகளிலும் பழைய கல்வெட்டுகளிலும் பெரும்பாலும் புள்ளி இடாமல்தான் எழுதினார்கள்; படித்தவர்கள் அதற்குப் பழகியிருந்தார்கள். பஸ்ஸில் போகிறபோது பலகையைப் பார்ப்பவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. மறைப்பைத் தேர்ந்து, வெள்ளைத் தூரிகையால் புள்ளி இருந்த இடத்தை மட்டும் தீட்டினால் அது திரும்பிவிடும். அதற்கு முன்பே செய்யத்தக்கது, துருப் படத்தைச் சிறிதாக்கி, அதன் திட்டுகள் எழுத்துக்கோட்டின் தடிமனைவிட நுண்ணியவையாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது.

இப்படித் தின்ற எழுத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘அரிப்பு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். தனியாக நன்றாகத்தான் இருக்கிறது. மேனியையும் ஏற்றுக்கொண்டு, பட்டியில் ‘மேனி அரிப்பு’ என்று வந்தால் பயனர் மருந்துக்கடைக்குத்தான் போவார். தேய்மேனி என்று வைக்கலாம். பம்ப் மேப்புக்குப் புடைப்புப்படம், டிஸ்பிளேஸுக்கு நகர்த்தல். இவ்விரண்டிலும் எனக்குப் பிடிவாதம் இல்லை.

மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். மாற்றுச் சொல்லோடு அதன் வினைவடிவத்தையும் இரண்டு கூட்டுச் சொற்களையும் சேர்த்து அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக இருக்கும்.

அன்புடன்.